துவைக்கலாமா, துடைக்கலாமா? கோல்ஃப் கையுறை: சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் திறந்தால் அடியில் இரண்டு மூன்று கையுறைகள் சுருண்டு கிடக்கும். எடுத்து விரித்தால் விரியாது. விரல்கள் மிளகாய் வற்றல் போலச் சுருங்கி, உள்ளங்கைப் பக்கம் மொடமொடத்து, மணிக்கட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நல்ல தோல் கையுறை ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஆனாலும் நாலைந்து ஆட்டத்திலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நான் பார்த்தவரை, அப்படித் தூக்கிப் போடப்படும் கையுறைகளில் தேய்ந்து போனவை குறைவு. ஒழுங்காகக் காயவைக்காமல் கெட்டவைதான் அதிகம்.

இந்த ஊர் வெயிலில் பல வருடங்கள் ஆடியதில் நானாகத் தெரிந்துகொண்டதும், தோல் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டு அறிந்ததும் சேர்ந்தவை கீழே வரும் விளக்கங்கள்.

கையுறை ஏன் ஒரு கைக்கு மட்டும்? இல்லாமலே ஆடினால் என்ன?

வலது கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையில் அணிகிறார், இடது கைப் பழக்கம் உள்ளவர் வலக்கையில். மட்டையின் கிரிப்பில் மேலே அமரும் கை அது. வேகமாக வீசும்போது மட்டை நழுவாமல் காப்பதில் அந்தக் கைக்குத்தான் பெரும் பங்கு. வெறுங்கையோடு ஆடிச் சாதித்தவர்களும் உண்டு. 9 மேஜர் பட்டங்களை வென்ற பென் ஹோகன் கையுறை அணிந்ததில்லை. 1992-இல் மாஸ்டர்ஸ் வென்ற ஃப்ரெட் கப்பிள்ஸும் அப்படித்தான். மாறாக, இரண்டு கைகளிலும் அணிந்து ஆடிய டாமி கெய்னிக்கு ‘டூ கிளவ்ஸ்’ என்றே பட்டப்பெயர் வந்தது. விதி எதையும் தடுக்கவில்லை. ஆனால் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போல உள்ளங்கை எப்போதும் நசநசத்துக் கிடக்கும் ஊர்களில் வெறுங்கையோடு ஆட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தோல் கையுறையைத் தண்ணீரில் துவைக்கலாமா?

கூடாது. வாளியில் முக்கி, துணி சோப்புப் போட்டுக் கசக்கினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றச் சந்தேகங்களில் பாதி தானாகத் தீரும்.

உயர்ந்த ரகக் கையுறைகள் ‘கப்ரெட்டா’ என்ற தோலில் தைக்கப்படுகின்றன. அந்தப் பெயரின் வேர்ச்சொல் வெள்ளாட்டைக் குறித்தாலும் தோல் செம்மறியுடையது. அதிலும் கம்பளி ரோமம் அடர்ந்த குளிர்நாட்டுச் செம்மறி ஆகாது. குட்டை முடி மட்டும் உள்ள வெப்பநாட்டுச் செம்மறிதான் வேண்டும். கம்பளி ஆட்டின் தோலில் ரோமக்கால்களும் கொழுப்பும் மிகுதி என்பதால் நார்ப் பின்னல் தளர்ந்திருக்கும். முடிச் செம்மறியின் தோலில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிதாக்கினாலும் அது கிழியாமல் தாங்குவது இதனால்தான். நம் சேலம் பக்கத்து மேச்சேரி ஆடும் இந்த முடிச் செம்மறி இனம். அதன் தோலுக்கு வியாபாரிகளிடம் தனி மதிப்பு உண்டு.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், ஆள் உயரத்துக்கு மேலான மர டிரம்களில் தோல்களைப் போட்டு மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். அந்த வேலையின் ஒரு கட்டத்தில்தான் நார்களுக்கு நடுவே எண்ணெயை ஏற்றுகிறார்கள். மடக்கும்போதும் நீட்டும்போதும் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவது அந்த எண்ணெயால். தோலின் மென்மை என்று நாம் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

துணி சோப்பு காரமானது. பதனிட்ட தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்பு நுரை உள்ளே போனால் ஏற்றிய எண்ணெயைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். பிறகு காயும்போது, வெளியேறும் தண்ணீர் நார்களை நெருக்கி இழுக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என்னுடைய முதல் தோல் கையுறையை இப்படித்தான் இழந்தேன். இரவு ஊறவைத்து, காலையில் கசக்கிப் பிழிந்து, மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டேன். மதியம் எடுத்தபோது அப்பளம் போல இருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்து மாட்டியதில் கட்டைவிரல் அடியில் தோல் நீளவாக்கில் வெடித்தது. வெடித்த ஓரத்தைப் பார்த்தால் உள்ளே பஞ்சு போலிருக்க வேண்டிய நார், காகிதம் போல வறண்டிருந்தது.

வேர்வையும் இதே வேலையைத் தவணை முறையில் செய்கிறது. அதில் உப்பும் இலேசான அமிலமும் உடம்புக் கொழுப்பும் இருக்கின்றன. கையுறை நனைந்து, சுருண்டபடியே காய்ந்து, மறுபடி நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் கொஞ்சம் போகிறது, உப்பு கொஞ்சம் சேர்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அடுத்த முறை காய்வது இன்னும் தாமதமாகும்.

அப்படியானால் தோல் கையுறையை எப்படித்தான் சுத்தம் செய்வது?

கையில் மாட்டிக்கொண்டு துடைப்பதுதான் சரியான வழி. கைமேல் இருக்கும்போது தோல் தன் வடிவத்தில் இறுகியிருக்கும், மடிப்புகளில் ஒளிந்திருக்கும் அழுக்கும் தெரியும்.

மென்மையான வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். தொட்டால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. பழைய பனியன் துணி இதற்கு அருமை. முதலில் மணிக்கட்டிலிருந்து தொடங்குங்கள், உப்பு அங்கேதான் கோடு போட்டு நிற்கும். பிறகு உள்ளங்கை. கிரிப்பின் ரப்பர் உரசிய இடத்தில் கறுப்பாக ஒரு தடம் ஓடும். அதை அழுத்தித் தேய்க்காமல், துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவோம்.

வெறும் தண்ணீருக்குப் போகாத அழுக்கு என்றால் மட்டும் தோலுக்கென்றே விற்கும் சோப்பைத் துணியில் ஒரு துளி தொட்டுக்கொள்ளலாம். குதிரைச் சேணம் துடைக்கப் பயன்படும் சேடில் சோப்பு நல்ல காலணிக் கடைகளில் கிடைக்கும். பிறகு இன்னொரு ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துண்டால் ஒற்றிவிடுங்கள். இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும். வெறும் ஈரத்துணித் துடைப்பை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

வெள்ளைக் கையுறை பழுப்பேறினால் பழைய வெண்மை முழுதாகத் திரும்பாது. அதற்காக ப்ளீச்சோ சமையல் சோடாவோ போடாதீர்கள். நிறம் மங்கிய கையுறையும் பிடி கொடுக்கும். நார் கெட்ட கையுறை பிடி கொடுக்காது.

என்னுடையது தோல் இல்லை, சிந்தெடிக். அதுவும் இப்படித்தானா?

உங்களுக்குக் கவலை குறைவு. குளிர்ந்த தண்ணீரில் மிதமான திரவ சோப்புக் கலந்து கையால் அலசலாம். கையுறையின் குறிச்சீட்டில் அனுமதி இருந்தால் வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினின் மென்மையான சுற்றிலும் விடலாம். போடுமுன் மணிக்கட்டின் வெல்க்ரோ பட்டையை ஒட்டிவிட வேண்டும். திறந்து கிடந்தால் அதன் முள் பக்கம் துணி நூலையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு, பிறகு ஒட்டவே ஒட்டாது. துணி மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், அது படிந்தால் உள்ளங்கை வழுக்கும். வெந்நீரும் டிரையரும் இதற்கும் ஆகாது. உள்ளங்கையில் தோல், முதுகில் துணி என்று கலந்து தைத்ததாக இருந்தால், அதைத் தோலாகவே நினைத்துத் துடைத்துப் பராமரியுங்கள்.

சீக்கிரம் காய வெயிலில் போடலாமா? ஹேர் டிரையர்?

இரண்டும் வேண்டாம். ஈரமான தோலுக்குச் சூடுதான் எமன். ஈரத்தோடு சூடு சேர்ந்தால் கொலாஜன் நார்கள் சுருங்கும். அப்படிச் சுருங்கியது திரும்ப விரியாது. பலரும் அறியாமல் செய்யும் தவறு, ஆட்டம் முடிந்ததும் கையுறையைக் கார் டாஷ்போர்டு மேல் போடுவது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டிக்கிக்குள் கோல்ஃப் பையோடு விட்டுவிடுவதும் ஆபத்துதான், அங்கே சூடும் உண்டு, காற்றோட்டமும் இல்லை.

நிழலும் காற்றும்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு விரல்களை நீட்டிச் சுருக்கம் எடுங்கள். பிறகு கழற்றி, வெல்க்ரோவை ஒட்டி, மின்விசிறி ஓடும் அறையில் மேஜைமேல் பரப்பி வையுங்கள். பாதிக்கு மேல் காய்ந்து இலேசான ஈரம் மிஞ்சும்போது ஒரு முறை மாட்டி, நாலைந்து தடவை முஷ்டி மடக்கி விரித்துக் கழற்றுங்கள். இது முக்கியம். நார்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் நேரத்தில் அவற்றை அசைத்துப் பிரித்துவிடுகிறோம். காய்ந்து இறுகிய பிறகு இதைச் செய்தால் அவ்வளவு பயன் இல்லை. முழுதாகக் காய்ந்தபின், வாங்கும்போது வந்த அட்டையோடு அதே உறையில் தட்டையாகப் போட்டு வையுங்கள். அந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். ஈரத்தோடு மட்டும் உறைக்குள் போட்டுவிடக்கூடாது.

ஆடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கையுறையின் ஆயுளைக் கூட்டுவதில் பாதி வேலை மைதானத்திலேயே முடிகிறது. நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் காலை ஆறரை மணிக்கு ஆடத் தொடங்குகிறவர், வெயில் ஏறவில்லை, கையுறைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார். சென்னையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே அதிகாலையில்தான். அப்போது வேர்க்கும் வேர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கும்.

ஆடுகிறவரின் பையைச் சுமந்து வரும் கேடிகளில் பழுத்த அனுபவசாலி ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. கிரீனுக்குப் போனதும் கையுறையைக் கழற்றிப் பேண்ட் பையில் சுருட்டித் திணித்தேன். "சார், அதச் சுருட்டாதீங்க. கொழந்தத் துணி மாதிரி விரிச்சுப் போடுங்க, காத்து வாங்கட்டும்" என்று வாங்கி, கோல்ஃப் பையின் கொக்கியில் விரித்து மாட்டினார். அன்றிலிருந்து அதுதான் என் பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் 72 உள்ள மைதானத்தில், கணக்குப்படி 36 அடிகள் பட்டிங்குக்கு. பட்டிங்குக்குக் கையுறை தேவையே இல்லை. ஆட்டத்தில் பாதி அடிகளுக்கும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நடக்கும் நேரம் முழுவதற்கும் கையுறை காற்றில் காயலாம்.

இன்னொன்று, ஒரே கையுறையோடு 18 குழிகளை முடிக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று வைத்துக்கொண்டு, ஆறு குழிகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒன்று நனையும்போது மற்றது காயும். மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிப்பதைவிட, மூன்றையும் சுழற்சியில் வைத்தால் மொத்தத்தில் அதிக நாள் வரும். ஒரேயடியாகச் செலவு செய்வது கஷ்டம் என்றால் ஒரு தோல், ஒரு சிந்தெடிக் என்று தொடங்குங்கள். பையில் இரண்டு துண்டுகளும் இருக்கட்டும். ஈரத்துண்டு மட்டையின் முகத்துக்கு, உலர்ந்த துண்டு கைக்கும் கிரிப்புக்கும்.

கழற்றும்போது நடுவிரல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவ வேண்டாம். ஒவ்வொரு விரலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகு கழற்றினால் தையல் பிழைக்கும்.

சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, சானிடைசர் இவை கையுறையைக் கெடுக்குமா?

கெடுக்கும். கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையும் ஸ்பாண்டெக்ஸ் துணியையும் கரைத்துப் பதம் பார்க்கும், தோலையும் விடாது. சானிடைசரின் ஆல்கஹால் தோலை வறட்டும். சன்ஸ்கிரீன் எண்ணெய்ப் பசையால் பிடி வழுக்கும், மஞ்சள் கறையும் விழும். சன்ஸ்கிரீன் பூச வேண்டாம் என்று சொல்லவில்லை, வெயிலில் நாலு மணி நேரம் நிற்கும் ஆட்டம் இது. பூசியபின் உள்ளங்கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அதன்பிறகு கையுறையைத் தொடுங்கள்.

பவுடர் போடலாமா? தேங்காய் எண்ணெய் தடவினால் மென்மையாகும் என்கிறார்களே?

கைக்கு இலேசாகப் பவுடர் போட்டுக்கொள்ள கோல்ஃப் விதி 4.3 அனுமதிக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் பொருள்களுக்கும் ரெசினுக்கும் தடை இல்லை. அப்பிக்கொண்டால் வேர்வையோடு சேர்ந்து களிம்பாகித் தையலில் அடைக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பதனிடும்போது நார்களுக்குள் ஏற்றும் எண்ணெய் வேறு, நாம் மேலே தடவும் எண்ணெய் வேறு. மேலே தடவியது மேலேயே நின்று வழுக்கும், தூசியை இழுக்கும், சில நாளில் சிக்கு நாற்றமும் அடிக்கும். ஷூ பாலிஷுக்கும் இதே பதில்தான்.

உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கம் எப்போதும் ஓட்டை விழுகிறது. கையுறை மட்டமானதா?

பெரும்பாலும் கையுறை மேல் குற்றமில்லை. அந்த மேட்டுப் பகுதியில் ஓட்டை விழுகிறது என்றால், வீசும்போது மட்டை கைக்குள் புரண்டு உரசுகிறது என்று பொருள். மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் குறுக்காக வைத்துப் பிடித்தால் இப்படி ஆகும். கிரிப் தேய்ந்து பளபளத்து இறுகியிருந்தாலும் ஆகும். பிடி கிடைக்காத கிரிப்பை நாம் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கம் தோலைத் தின்னும். கையுறையைத் துடைக்கிற அன்றே கிரிப்புகளையும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்து, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். உங்கள் கை வேர்வையும் எண்ணெயும் அங்கேயும் படிந்துதான் இருக்கிறது. அதன்பிறகும் ஓட்டை அதே இடத்தில் விழுந்தால், கிழிந்த கையுறையைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் பிடியில் உள்ள பிழையை அதிலேயே படித்துவிடுவார்.

எந்த அளவு வாங்க வேண்டும்?

புதிதில் சற்றே இறுக்கமாக, இன்னொரு தோல் போல ஒட்டியிருக்க வேண்டும். விரல் நுனியில் துணி மிஞ்சக்கூடாது. வெல்க்ரோ பட்டை முழுதாகப் போய் ஒட்டினால் கையுறை பெரிது. தோல் நெகிழும் என்பதால் முக்கால்வாசி வரை மூடினால் சரியாக இருக்கும். விரல் குட்டையாகவும் உள்ளங்கை அகலமாகவும் உள்ளவர்களுக்கு ‘கேடட்’ என்று தனி அளவே வருகிறது. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தொளதொள கையுறை ஒவ்வொரு வீச்சிலும் உரசி, சீக்கிரம் நைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணம் பிடித்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

மேலாகப் பூத்த வெள்ளைப் பூசணம் என்றால் முடியும். வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவையுங்கள். உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, காய்ந்த பிறகும் வாடை போகாவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருக்கும் பொருள் அது, வெடிப்பு உள்ள கைக்கு நல்லதல்ல.

மழையில் ஆடத் தோல் கையுறையை எடுக்கவே கூடாது. நனைந்தால் பிடி கூடும் வகையில் செய்த மழைக் கையுறைகள் ஜோடியாகக் கிடைக்கின்றன, இரண்டு கைகளிலும் அணிபவை. நம் ஊரில் மழைக்கு மட்டுமல்ல, உள்ளங்கை ஊற்றாக வேர்க்கிறவர்களுக்குச் சித்திரை, வைகாசியிலும் அது உதவும்.

எப்போது மாற்ற வேண்டும்? பழையதைக் கேடிக்குக் கொடுக்கலாமா?

உள்ளங்கை பளபளத்து வழுவழுப்பாகிவிட்டாலோ, காய்ந்து முஷ்டி மடக்கிய பிறகும் விறைப்பு போகாவிட்டாலோ, தையல் வாய் பிளந்தாலோ ஆட்டத்துக்கு அது போதும். வெல்க்ரோ மட்டும் ஒட்டவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் முள் பக்கத்தில் சிக்கிய நூலை எடுத்தால் திரும்ப ஒட்டும். ஆட்டத்துக்கு உதவாததைப் பயிற்சித் திடலுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே ஒரு மணி நேரத்தில் நூறு பந்து அடிப்போம், புதுக் கையுறையை அங்கே தேய்க்க வேண்டியதில்லை.

கேடிகளில் நம்மைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழையதைக் கொடுப்பதானால் அவருக்கு அளவு சரியா என்று கேட்டு, துடைத்துக் காயவைத்து, உறையில் போட்டுக் கொடுங்கள். ஓட்டை விழுந்ததையும் வாடை அடிப்பதையும் நீட்டாதீர்கள். தீபாவளிக்கு உங்களுக்கு ஒன்று வாங்கும்போது அவர் கைக்கும் அளவு கேட்டு ஒன்று சேர்த்து வாங்குங்கள்.